ஜீர்ணோத்தாரணமும் ஒரு மொரிஸ் மைனரும்

1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தைக் கையளித்துச் சென்ற காலத்து மொரிஸ் மைனர் ஒன்று, உப்புக்காற்று அரித்த அடித்தட்டோடு, உட்துறைமுகத்தை அண்டிய வளவொன்றின் வேப்பமரத்தடியில் கிடக்கிறது. அதனை வாங்கிப் புதுப்பிக்க விரும்பிச் சென்ற என்னிடம், உரிமையாளராகிய முதியவர், "தகடும் மாத்தி, எஞ்சினும் மாத்திப்போட்டால், தம்பி, பிறகு அது இந்தக் கார்தானோ?" என்று கேட்டார்.

இக்கேள்வியைத் தொடும் வகையில், மிலிந்த அரசனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டி விளக்கிய தத்துவம் இதுவே: அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேரல்ல, அவற்றின் சேர்க்கைக்கு வழங்கும் பெயரே தேர். சைவாகமங்களோ வேறு வழி செல்கின்றன. பழுதுற்ற ஆலயத்தைப் புதுப்பிக்கும் ஜீர்ணோத்தாரணம் தொடங்குமுன் மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாகித்து, பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, திருப்பணி நிறைவேறியபின் மூலத்தானத்தில் மீளச் சேர்ப்பராதலின், கல் மாறினும் ஆலயம் மாறுவதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த திருகோணமலைக் கோணேசர் கோயிலின் திருவுருவங்கள் சில 1950இல் கிணறு தோண்டுகையில் வெளிப்பட்டு, மீளக் கட்டிய கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகமும் நிகழ்ந்தது. அதனை வேறொரு கோயில் என்று சொல்ல என் மனம் துணியாது.

காரில் எவரும் மந்திரத்தால் எதையும் ஆவாகிக்கவில்லை என்பது மெய்யே. ஆயினும் மணவறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதிற் சென்ற நினைவுகள் அம்முதியவரிடத்தே உறைகின்றன. அவற்றைக் கிரயப் பத்திரத்தால் எழுதி வாங்க இயலாது. ஆதலின் விலைபேசுவதை விடுத்து, கார் அவருடையதாகவே இருக்கத் திருத்தும் பணியை மட்டும் வேண்டினேன். தனிச் சட்டகமின்றி உடலே சட்டகமாய் அமைந்த வண்டியாதலால், அடித்தட்டை முதலிற் பற்றவைக்க வேண்டும் என்றார் அவர்; இசைந்தேன்.