கிழக்கு எந்தப் பக்கம்?

எலவனாசூர்கோட்டை பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரியவரிடம் வழி கேட்டுப் பாருங்கள். இடது, வலது என்று சொல்ல மாட்டார். ‘மேக்கால போங்க’, ‘கெழக்கால திரும்புங்க’ என்பார். மேற்கே போனால் தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, அதற்கப்பால் கல்வராயன் மலை. கிழக்கே உளுந்தூர்பேட்டை தாண்டி, கடல் வரை நிலம் சரிகிறது. மேல் பக்கம் மேற்கு. கீழ்ப் பக்கம் கிழக்கு. தண்ணீர் ஓடும் விதத்தைப் பார்த்து வைத்த பெயர்கள்!

காலேஜில் முதல் நாள் ‘ஓரியண்டேஷன்’ என்று நடத்துகிறார்களே, அந்த வார்த்தைக்குள்ளும் கிழக்குதான் இருக்கிறது. லத்தீனில் ‘ஓரியன்ஸ்’ என்றால் உதிப்பது. சூரியன் உதிக்கும் பக்கம். ஐரோப்பாவில் பழைய சர்ச்சுகளைக் கிழக்கு பார்த்துக் கட்டினார்கள். பழைய உலக வரைபடங்கள் பலவற்றில் கிழக்கைத்தான் உச்சியில் வரைந்தார்கள். கிழக்கு தெரிந்துவிட்டால் மற்றது தானாகத் தெரியும் அல்லவா?

அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். நம்மவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். சூரியன் எந்த ஊரிலும் கிழக்கேதான் உதிக்கும். நிலச்சரிவு அப்படியல்ல. கேரளாவுக்குப் போனால் மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆனாலும் மேடான அந்தப் பக்கத்தை அவர்கள் இன்னும் ‘கிழக்கு’ என்றுதான் சொல்கிறார்கள்!

சிரிக்காதீர்கள். நாமும் அதைத்தானே செய்கிறோம்? நம் ஊர்ப் பிள்ளை துபாய்க்குப் போனால் ‘மத்திய கிழக்கு’ என்கிறோம். துபாய் நமக்கு மேற்கே இருக்கிறது. லண்டனில் நிற்பவருக்குத்தான் அது கிழக்கு. 1902-ல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாஹன் எழுதிப் பிரபலமான பெயர், நம் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

வாழ்க்கையிலும் இப்படி இரண்டு வகை உண்டு. பொய் சொல்லாதே, அடுத்தவன் வயிற்றில் அடிக்காதே என்பதெல்லாம் சூரியன் மாதிரி. எங்கே நின்றாலும் மாறாது. எந்தப் படிப்பு, எந்த வேலை, எவ்வளவு பணம் என்பது நிலத்தின் சரிவு மாதிரி. நிற்கிற இடத்தைப் பொறுத்தது. நாம் இதைத்தான் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவதில் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்கிறோம். இரண்டாவதில் ‘இஞ்சினீயரிங்தான் படிக்கணும்’ என்று பிடிவாதம் பிடிக்கிறோம்.

பிள்ளைக்கு வழி சொல்லும் முன், அவன் எங்கே நிற்கிறான் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பெரியவரும் ‘எங்கேருந்து வர்றீங்க?’ என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்.