இரண்டு முனையிலும் பியூஸ் போடுங்கள்

ஆண்டர்சன்பேட்டையில் பிக்கப் வண்டியை நம்பிப் பிழைக்கும் தம்பிமாரே, அந்த வண்டிகளுக்கு ஒயரிங் செய்து தரும் அண்ணன்மாரே, இதைப் படித்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

கோலார் மண்டியில் தக்காளி ஏற்றி ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னைக்கு ஓடுகிறவருக்கு, இறக்கும் வரை கண்ணயர ஒரு ஃபேன் வேண்டும், விளக்கு வேண்டும். சாயங்காலம் வண்டியிலேயே டிபன் கடை போடுகிறவருக்கும் விளக்கு வேண்டும். அதற்காக இரண்டாவது பேட்டரி வைப்பது தப்பே இல்லை. இருக்கிற ஒன்றையே இழுத்து இழுத்து, விடியற்காலையில் வண்டியைத் தள்ளுவதைவிட எவ்வளவோ மேல். இணைக்கிற விதத்தில்தான் உயிர் இருக்கிறது.

பழைய பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து புதியதன் பிளஸ்ஸுக்கு ஒரு ஒயரை இழுத்து, முறுக்கி, டேப் சுற்றிவிட்டால் சார்ஜ் ஏறத்தான் செய்யும். ஆனால் பானெட்டிலிருந்து கேபினுக்குள் அந்த ஒயர் நுழைகிற தகட்டு ஓட்டையைக் குனிந்து பாருங்கள். ரப்பர் கிராமெட் இல்லையென்றால் அந்த விளிம்பு, வண்டி குலுங்குகிற ஒவ்வொரு தடவையும் ஒயரின் தோலை அறுக்கும். செம்பு வெளியே வந்து பாடியைத் தொட்ட நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஒயர் பழுக்கும், சீட்டின் ஃபோம் பற்றும். அந்தச் சீட்டில்தான் ஆள் தூங்குகிறார்.

பன்னிரண்டு வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று சொல்லாதீர்கள். ஷாக் அடிக்காது, ஆனால் தீப்பிடிக்கும்.

இந்த ஒயருக்கு இரண்டு முனையிலும் உயிர் உண்டு. முன்பக்கம் மட்டும் பியூஸ் போட்டால், அது போன பிறகும் பின்னால் இருக்கும் பேட்டரி அந்த ஷார்ட்டுக்குக் கரண்ட் ஊட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டு பேட்டரியின் பிளஸ் டெர்மினலிலிருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள் ஆளுக்கொரு பியூஸ். ஒயர் தாங்குகிற அளவுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். போன பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றுவது கொலைக்குச் சமம்.

நடுவில் ஒரு ரிலே அவசியம். ஆல்டர்னேட்டர் ஓடி வோல்டேஜ் 13.3 தாண்டினால் சேர்ந்து, 12.8-க்கு இறங்கினால் பிரிந்துவிடுகிற ரிலே கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் ஃபேன் இரண்டு பேட்டரியையும் காலி செய்யும். ஸ்டார்ட் அடிக்கும்போது ஸ்டார்ட்டரின் இழுவை அந்தச் சின்ன ஒயர் வழியாகவும் போகும். புது பி.எஸ். 6 வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜைத் தானே ஏற்றி இறக்கும். அப்படிப்பட்ட வண்டிகளுக்கும், லித்தியம் பேட்டரிக்கும் டிசி-டிசி சார்ஜர்தான் சரி.

ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். போக 5 மீட்டர், வர 5 மீட்டர், 30 ஆம்பியர் என்று கணக்குப் போடுங்கள். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஏறத்தாழ 0.86 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 16-ல் 0.32 தான். 14.2 புறப்பட்டு 13.3 வந்து சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் நிறையாது. பாதி சார்ஜிலேயே கிடந்தால் தகடு கெடும். சாதாரண ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். மூடிய கேபினுக்குள் அதை வைக்கவே கூடாது. கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள்.

1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த ஊர் இது. பெங்களூருக்கே 1905-ல்தான் வந்தது. 2001-ல் அந்த மைன்ஸ் மூடும் வரை, பம்பையும் வைண்டரையும் ஓட்டிய கரண்டோடு தலைமுறை தலைமுறையாக வேலை செய்த கைகளின் பிள்ளைகள் நாம். நமக்கு டேப் சுற்றிய வேலை அழகல்ல.

மெக்கானிக் அண்ணே, "பியூஸ் வேண்டாம், சும்மா இழுத்துவிடு" என்று யார் கெஞ்சினாலும் வண்டியைத் தொடாதீர்கள். கூலி போனால் போகட்டும். வண்டிக்காரத் தம்பி, அந்தச் சில நூறு ரூபாய்க்குப் பேரம் பேசாதே. இன்றைக்கே பானெட்டைத் திற. இரண்டு முனையிலும் பியூஸ் இல்லையென்றால், இரண்டு பக்கமும் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு அப்புறம் தூங்கு.