பிள்ளையார் இருந்த இடம்

மே முதல் ஞாயிறு, சித்தூர்

காலை ஆறரைக்கே வெயில் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி வந்து காரின் முன்கண்ணாடியில் விழுந்துவிட்டது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு எதிலும் கை வைப்பதில்லை, பார்ப்பது மட்டும்தான் என்று நேற்றிரவே முடிவு செய்திருந்தேன்.

டேஷ்போர்டில் மூன்று விரிசல்கள். பெரியது கண்ணாடி ஓரத்துக் காற்றுத் துளையில் கிளம்பி, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக வளைந்து வந்து இடப்பக்கம் நிற்கிறது. நடுவில் சுண்டுவிரல் நுழையும் அகலம். விளிம்புகள் காய்ந்த பனையோலை போல மேல்நோக்கிச் சுருண்டிருக்கின்றன. உள்ளே மஞ்சள் நுரை. தொட்டால் மாவாக உதிர்கிறது. மற்ற இரண்டும் சின்னவை, மயிரிழைதான். ஆனால் விரிசல் எல்லாமே முதலில் மயிரிழையாகத்தான் இருந்திருக்கும்.

வண்டி நைனாவுடையது. இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே இடத்தில், கிழக்கே பார்த்து நின்றிருக்கிறது. ஓட்டுநர் பக்கம் வேப்பமர நிழல் படும். அந்தப் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. மரம் எதுவரை நிழல் தந்ததோ அதுவரை தோல் பிழைத்திருக்கிறது. மரத்தின் நிழலைக் கார் தன் உடம்பில் குறித்து வைத்திருக்கிறது என்று இன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்.

மே, வியாழன் இரவு

முன்கண்ணாடியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்தேன். பிசுக்கென்று ஒரு படலம் வந்தது. இந்தப் படலத்தை எத்தனையோ தடவை துடைத்திருக்கிறேன், ஏதோ புகை என்று நினைத்துக்கொண்டு. அது புகையில்லை.

டேஷ்போர்டின் மேல்தோல் பிவிசி. பிவிசி தன்னளவில் விறைப்பான பொருள், தண்ணீர்க் குழாய் போல. அதோடு எண்ணெய் போன்ற இளக்கிகளைக் கலந்தால்தான் அது தோல் மாதிரி வளையும். அந்த வழியை 1926-ல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தார். ஆனால் கலந்த எண்ணெய் என்றென்றைக்கும் உள்ளேயே தங்குவதில்லை. சூடு ஏற ஏற ஆவியாகிக் கிளம்பி, எதிரே இருக்கும் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. இத்தனை வருஷமாக நான் துடைத்து எறிந்தது இந்தத் தோலின் மென்மையைத்தான். எண்ணெய் போகப் போகத் தோல் சுருங்குகிறது. கீழே ஒட்டியிருக்கும் சட்டம் சுருங்க விடுவதில்லை. இழுபட்டு இழுபட்டு, மெலிந்த இடத்தில் ஒருநாள் விட்டுக்கொடுத்துவிடுகிறது.

சூடு எவ்வளவு என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். 2018-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் அரிசோனாவில் உச்சி வெயிலில் கார்களை நிறுத்தி அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் டேஷ்போர்டின் சராசரிச் சூடு 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது. ராயலசீமையின் சித்திரை வெயில் அதற்கு இளைத்ததில்லை. அலிபிரியில் வண்டியை விட்டுவிட்டுப் படியேறி மலைக்குப் போய், தரிசனம் முடித்து இறங்கி வருகிறவர்கள் கதவைத் திறந்ததும் பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

மே இரண்டாம் ஞாயிறு

நைனா வெள்ளிக்கிழமைதோறும் டேஷ்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார். பழைய பனியன் துணியில் நாலு சொட்டு. நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே சீராக. பிறகு காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு ஒரு பூ. வண்டி வாங்கிய வாரமே காணிப்பாக்கம் கொண்டுபோய்ப் பூஜை போட்டு, வாசல் கடையில் வாங்கிய இரண்டு அங்குலப் பித்தளைப் பிள்ளையார் அது. டேஷ்போர்டின் நடுவில், சதுரப் பீடத்தோடு ஒட்டியிருக்கிறது.

தேங்காய் எண்ணெய் இந்தத் தோலுக்குள் இறங்காது. போன எண்ணெயின் இடத்தை நிரப்பாது. மேலே நின்று மினுக்கும், தூசியைப் பிடிக்கும். இது எனக்குத் தெரிந்தபோது அவருக்கு எழுபத்தெட்டு வயது. சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமைகளால் டேஷ்போர்டுக்கு ஆகாதது எனக்கு ஆகியிருக்கிறது. ஒரு பொருளைப் பொறுமையாகத் துடைப்பது எப்படி என்று நான் கற்றது அங்கேதான்.

ஆனால் எண்ணெய் இருக்கும் இடத்தில் எதுவும் பிடிக்காது. இன்று முழுக்கச் சோப்புத் தண்ணீரும் பல் தேய்க்கும் பிரஷ்ஷும். நான்கு தடவை. கடைசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த துணி. துணி பழுப்பாக வந்துகொண்டே இருந்தது. வெள்ளையாக வந்ததும் நிறுத்தினேன். நைனா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மே, புதன், திருப்பதி

பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாக பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள். கூழ் ஃபாக்டரி வாசல்களில் வரிசை கட்டி நிற்க ஆரம்பித்துவிட்டன.

கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு குஷன் கடை. சீட் உறை தைக்கும் பெரியவர், என் போனில் இருந்த படத்தைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பெரிய விரிசலின் நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை இருக்கிறதே, அது என்ன என்று கேட்டார். போன வருஷம் நான் வைத்த பட்டி என்றேன். தகட்டு வேலைக்குப் பயன்படுத்தும் கெட்டிப் பட்டி. ஒரு மாதம் நன்றாக இருந்தது. பிறகு ஓரங்களில் விட்டுக்கொண்டு, பெரும்பகுதி அப்பளம் மாதிரி தனியாகக் கையோடு வந்துவிட்டது.

அவர் ரெக்சின் துண்டு ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினார். இது பகலில் விரியும், ராத்திரி சுருங்கும். நடுவில் கல்லை வைத்தால் கல் என்ன செய்யும்? அவ்வளவுதான் சொன்னார். நான் அந்த ஒரு வருஷத்துத் தப்பை ஒரே மூச்சில் புரிந்துகொண்டேன். சட்டத்துக்கும் தோலுக்கும் நடுவே நுரையை வைத்ததே மோதும்போது தலை பிழைக்கட்டும் என்றுதான். அதற்கும் முந்தைய காலத்து வண்டிகளில் அந்த இடத்தில் பெயிண்ட் அடித்த இரும்புத் தகடு. மென்மைக்காகவே செய்த ஒன்றில் நான் கல்லைத் திணித்திருக்கிறேன்.

கிளம்பும்போது “தொந்தரபடொத்து” என்றார். தெலுங்கில் தொந்தர என்றால் அவசரம். அவசரப்படாதே என்கிறார். தமிழ்க் காதுக்கு அது தொந்தரவு என்று விழுகிறது. இரண்டு மொழியும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் ஊர்களில் வளர்ந்தும், இந்த இரண்டு சொற்களும் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன். பஸ் சந்திரகிரிக் கோட்டையைத் தாண்டும்வரை அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மே, வெள்ளி

பழைய பட்டியின் மிச்சத்தைச் சுரண்டி எடுத்தாயிற்று. சுருண்ட விளிம்புகளைக் கூரான கத்தியால் சரிவாகச் சீவினேன். மேலே அகலம், கீழே குறுகல், வாய்க்கால் கரை மாதிரி. நிரப்ப வேண்டிய பள்ளத்தை முதலில் இன்னும் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. கை தயங்கியது. தளர்ந்த விளிம்பின் மேல் எதை ஒட்டினாலும் விளிம்போடு சேர்ந்து அதுவும் எழும்பிவிடும். உறுதியான தோல் வரும்வரை சீவித்தான் ஆகவேண்டும். விரிசலின் இரண்டு நுனிகளிலும் ஊசித் துளை போட்டேன். கூரான நுனிதான் மேலே மேலே ஓடும். வட்டத்தில் வந்து முட்டினால் இழுவிசை பரவி, ஓட்டம் நின்றுவிடும்.

நிரப்புவதற்கு இரண்டு டப்பாக்களில் வரும் பாலியூரித்தேன், காய்ந்த பிறகும் ரப்பர் போல வளைகிற வகை. மூன்று தடவையாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. கொண்டப்பள்ளி பொம்மைகள் நினைவுக்கு வந்தன. அங்கே கைகால்களை உடம்போடு சேர்க்கும் பசை புளியங்கொட்டை மாவும் மரத்தூளும்தான். மரத்தை ஒட்ட மரத்தூள். இணைப்பது இணைக்கப்படுவதன் இனமாகவே இருக்கவேண்டும் என்று அந்தக் கைகளுக்கு யாரும் பாடம் எடுத்திருக்கமாட்டார்கள்.

(காற்றுப்பை உள்ள வண்டிகளில் அந்த மூடியின் மேல் இந்த வேலையைச் செய்யக் கூடாது. பை வெளியே வரும் நேரத்தில் தோல் கிழிய வேண்டிய கோட்டில் கிழிய வேண்டும். இந்தியாவில் 2019 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஓட்டுநர் பக்கம் அது கட்டாயம். நைனாவின் வண்டி அதற்கு வெகு காலம் முந்தியது.)

மே, கடைசி ஞாயிறு

உப்புத்தாள் 120-ல் தொடங்கி 220, பிறகு வாட்டர் பேப்பர் 400. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டினால் விரிசல் இல்லை. கண்ணைத் திறந்தால் இருக்கிறது. சுற்றிலும் தோலில் ரேகைகள், நிரப்பிய இடம் மட்டும் முட்டை ஓடு மாதிரி மொழுமொழுவென்று. பெயிண்ட் அடித்தால் இந்த வித்தியாசம் கூடுமே தவிர மறையாது.

ரேகையை இன்னோர் இடத்திலிருந்து அச்செடுக்கலாம். சிலிக்கான் கூழை நல்ல இடத்தில் மெல்லிசாகத் தடவிக் காயவிட்டு உரித்தால், ரேகை தலைகீழாகப் பதிந்திருக்கும். அதைக் கடைசிப் பூச்சு இறுகும் முன் அதன் மேல் அழுத்த வேண்டும். ஆனால் நல்ல இடம் எது? வேப்பமர நிழல் பக்கம் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைகளும் அதில் சேர்த்திதான்.

சாயங்காலம் நைனா வந்து எட்டிப் பார்த்தார். “புள்ளையாரு கீழ பாத்தியா?” என்றார்.

நூலால்தான் பிரித்தேன். தலை காயவைக்கும் கருவியின் சூடான காற்றைப் பீடத்தில் காட்டிவிட்டு, தூண்டில் நரம்பை ஓரத்தில் நுழைத்து இரண்டு கையாலும் அறுக்கிற மாதிரி இழுத்தேன். பிள்ளையார் கையில் வந்தார். பசை நாலு மூலைகளில் மட்டும்தான் இருந்தது. நடுவில் வெயிலும் காணாத, துணியும் படாத இரண்டங்குலச் சதுரம். வண்டி ஷோரூமில் நின்றபோது இருந்த நிறம், காபிப் பொடிக் கறுப்பு. நகத்தால் அழுத்தினால் அமுங்கி மீண்டும் எழுந்தது. ரேகைகள் ஒவ்வொன்றும் கூர்மையாக, குழந்தையின் உள்ளங்கை மாதிரி.

நைனா குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதுதான் அந்தக் கலரு” என்றார்.

ஜூன் முதல் வாரம்

அந்தச் சதுரத்திலிருந்து அச்சு எடுத்தேன். இரண்டங்குல அச்சை நகர்த்தி நகர்த்தி, ஓரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி, விரிசல் நெடுகப் பதித்தேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருப்பி வைத்தேன். ஒரே மாதிரி வைத்தால் தரை ஓடு போலக் கோடு கோடாகத் தெரியும். பதினொரு இடங்கள். நாலு சரியாக வரவில்லை. தேய்த்துவிட்டு மறுபடி பூசினேன்.

வினைல் ஸ்பிரே விடியற்காலையில் அடித்தேன், காற்று எழும்பும் முன்னே. பனி மாதிரி மெல்லிசாக நாலு பூச்சு, இடையில் கால் மணி நேரம். மினுமினுப்பில்லாத வகைதான் வேண்டும். மினுக்கினால் முன்கண்ணாடியில் எதிரொளித்து ஓட்டுகிறவர் கண்ணை மறைக்கும். நிறத்தைச் சதுரத்தோடு ஒப்பிட்டுத்தான் கலக்கச் சொல்லி வாங்கியிருந்தேன். சதுரத்தின் மேல் மட்டும் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு அடித்தேன்.

டேஷ்போர்டு என்ற சொல்லே குதிரை வண்டியிலிருந்து வந்தது. குளம்பு வாரி அடிக்கும் சேறு ஓட்டுகிறவர் மேல் படாமல் முன்னால் நிறுத்திய பலகை. வாரியடிப்பதை ஏற்றுக்கொள்வதுதான் அதன் முதல் வேலை. அன்றைக்குச் சேறு, இன்றைக்கு வெயில்.

காகிதத்தை உரித்தேன். சதுரம் எது, புதுசு எது என்று ஒரு கணம் தேட வேண்டியிருந்தது.

வெள்ளி

பிள்ளையாரை அதே இடத்தில், அதே முகமாக வைத்தேன். கண்ணாடிக்கு உள்ளே விரிக்க வெள்ளைக் காடாத் துணி ஒன்றை அளவுக்கு வெட்டி அம்மா ஓரம் அடித்துக் கொடுத்திருக்கிறாள். நிறுத்தும்போதெல்லாம் விரிக்க வேண்டும்.

எட்டு மணிக்கு நைனா பனியன் துணியும் எண்ணெய்ப் புட்டியுமாக வந்தார். கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

“எண்ணெ வேணா நைனா” என்றேன். “ஈரத்துணி போதும்.”

கொஞ்ச நேரம் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புட்டியைத் திறந்து, விரல்நுனியில் ஒரு சொட்டு எடுத்து, பிள்ளையாரின் தும்பிக்கையில் தொடங்கிப் பீடம்வரை மெதுவாகத் தடவினார். எண்ணெய் டேஷ்போர்டில் வழியாமல் மற்றக் கையின் விரலைப் பீடத்தின் ஓரத்தில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.