கூடத்துக்கும் ஒரு நோட்டு



ஆடி பிறந்துவிட்டால் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கமெல்லாம் மொய் விருந்து களைகட்டிவிடும். பந்தலில் நாலைந்து பேர் நோட்டை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். யார், எந்த ஊர், எவ்வளவு என்று ஒரு வரி விடாமல் எழுதுவார்கள். அப்பா வாங்கிய மொய்யை மகன் திருப்பிச் செய்வது அந்த நோட்டை நம்பித்தான்.

அவ்வளவு கணக்காக இருக்கும் நம் ஊர்களில், பழைய சமுதாயக் கூடத்துக்கு மட்டும் பெரும்பாலும் கணக்கு இருப்பதில்லை. வாடகை எவ்வளவு வந்தது, கடைசியாக எப்போது வெள்ளையடித்தது, ஒழுக்கு எந்த வருஷம் தொடங்கியது, யாருக்கும் தெரியாது. கல்யாணமெல்லாம் மெயின்ரோட்டு மண்டபத்துக்குப் போன பிறகு கூடம் பூட்டியே கிடக்கும். "இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டுவோம்" என்பார் ஒருவர். "தாத்தா காலத்துக் கட்டடம், தொடாதீர்கள்" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேரும் முதலில் கூரையைப் பார்க்க வேண்டும். மாடியில் மழைநீர்க் குழாயைச் சருகு அடைத்துக்கொள்ளும். தேங்கிய தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறிய கம்பி பருத்து, அடியில் உள்ள காரையைப் பெயர்த்துத் தள்ளும். கொத்தனார் ஒரு கம்பால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். பிடிப்புள்ள இடத்தில் சத்தம் கணீரென்று வரும்; பிடிப்பு விட்ட இடத்தில் பொத்தென்று கேட்கும்.

ஆனாலும் முடிவைப் பொறியாளர்தான் எழுத்தில் தர வேண்டும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்ததை நாம் மறக்கக்கூடாது. ஆபத்து என்று பொறியாளர் சொல்லிவிட்டால், அங்கே பாசம் பார்க்க இடமில்லை.

கட்டடம் தேறும் என்றால், கஜா புயலை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்த அந்த நாட்களில், கூரை பறிகொடுத்தவர்கள் ஒண்டியது பள்ளிக்கூடங்களிலும் இப்படிப்பட்ட கூடங்களிலும்தான். தனியார் மண்டபத்துக்கு வாடகை கொடுக்க முடியாத குடும்பத்தின் காதுகுத்துக்கும், மருத்துவ முகாமுக்கும், கூடம் இன்றைக்கும் வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், புதுக் கட்டடத்துக்கு நிதி கேட்பது சுலபம். திறப்பு விழா உண்டு, பெயர் பொறித்த கல் உண்டு. வெள்ளையடித்ததற்கும், குழாயில் சருகு அள்ளியதற்கும் யாரும் கல் வைப்பதில்லை.

ஊர்ப் பொதுக் காரியத்துக்குக் கணக்குக் கேட்பது நமக்குப் புதிதல்ல. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலைத் தேர்தலுக்குப் பேர்போனது. ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரைக்கூட ஓலையில் எழுதக் கூடாது என்கிறது அது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திய கண்டிப்பு!

அடுத்த கிராம சபையில், பேரூராட்சி என்றால் மன்றக் கூட்டத்துக்கு முன்பே உங்கள் உறுப்பினரிடம், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பொறியாளர் அறிக்கை எங்கே? சாவி யார் பொறுப்பு? வருஷா வருஷம் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்குவோம்? இவற்றுக்குப் பதில் இருந்தால் பழைய கூடமும் நிற்கும். பதில் இல்லையென்றால், இடித்துக் கட்டுகிற புதுக் கூடத்தையும் நம் பிள்ளைகள் ஒருநாள் இடிக்கத்தான் வேண்டிவரும்.