மேட்டுக்கு அப்பால்

தஞ்சாவூர்ச் சீமைக்காரர்களுக்கு மேடு என்றால் ஆற்றங்கரைதான். அதை விட்டால் களத்துமேடு, வண்டிப் பாலத்தின் ஏற்றம், அவ்வளவுதான். கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் நிலம் மைலுக்கு ஏறக்குறைய இரண்டடி வீதம் சரிகிறது. அந்தச் சரிவு தண்ணீருக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்கு எல்லாம் ஒரே மட்டம். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோயிலின் விமானம் வெகு தூரத்திலிருந்தே தெரிகிறது என்றால், அதற்குக் கட்டினவர்களின் சாமர்த்தியம் பாதி, குறுக்கே நிற்க ஒரு குன்றுகூட இல்லாதது பாதி. போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே போவது இந்த ஊர்ப் பழக்கம்.

இப்படிப்பட்ட சீமையில் பிறந்தவன் கோல்ப் ஆட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வாசகர்கள் சிரிக்கலாம். சேற்றில் காலை விடுகிறவனுக்கும் புல்தரையில் பந்தை உருட்டுகிறவனுக்கும் என்ன சம்பந்தம்? நான் அந்த மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அது ஆட்டக்காரர்களுக்கு மட்டும் உரிய வழக்கு அல்ல. ஒருவன் கண்ணால் பார்க்க முடியாத இலக்கை அடி என்று அவனிடம் சொல்வது நியாயமா என்பதுதான் வழக்கு.

விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும். கோல்பில் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியும் மழித்து வழவழப்பாக்கிய ஒரு புல்தரையில் இருக்கும். அதற்குக் ‘கிரீன்’ என்று பெயர். குழியில் ஒரு கொடி நட்டிருப்பார்கள். நீளமான குழி என்றால் பந்து புறப்படும் இடத்திலிருந்து ஐந்நூறு கெஜ தூரம்கூட இருக்கும். ஐந்து அடிகளில் போட்டால் கணக்குச் சரி. அவ்வளவு தூரத்தில் நிலம் ஒரே மட்டமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நடுவில் ஒரு மேடு எழும்பும். முதல் அடி அடித்துவிட்டு ஆட்டக்காரர் பந்து விழுந்த இடத்துக்குப் போகிறார். எதிரே செங்குத்தாக மேடு. கொடியும் தெரியவில்லை, கிரீனும் தெரியவில்லை. மேட்டின் விளிம்பும் ஆகாயமும்தான் தெரிகின்றன. அவர் ஆகாயத்தைக் குறிவைத்து அடிக்கவேண்டும். இதற்குத்தான் குருட்டடி என்று பெயர்.

கொடைக்கானல் கிளப்பை வெள்ளைக்காரர்கள் 1895-ல் தொடங்கினார்கள். ஏழாயிரம் அடிக்கு மேல் ஊட்டியிலும் ஒரு மைதானம் போட்டார்கள். தங்கள் ஊர் மணல்மேடுகளை நினைவூட்டும் மேடும் பள்ளமும் அவர்களுக்கு மலைமேல்தான் கிடைத்தன. ஊட்டிச் சாலையோரம் நின்று அரைமணி நேரம் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் ஏற்றத்தை நோக்கி ஓங்கி அடித்தார். பந்து மேட்டுக்கு மேலே எழும்பி மறைந்தது. அவர் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பரீட்சை எழுதிவிட்டு வெளியே வரும் பையனைப் போல நடந்தார். முகத்தில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

இந்த மாதிரி அடிக்கு எதிராகப் பேசினவர்களில் பெரிய மனிதர் அலிஸ்டர் மக்கென்ஸி. டாக்டருக்குப் படித்தவர். தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தத்துக்குப் போய், போயர்கள் தங்கள் பதுங்குகுழிகளை நிலத்தோடு நிலமாக மறைத்துவைத்த வித்தையைக் கவனித்தவர். பிறகு வைத்தியத்தை விட்டுவிட்டு கோல்ப் மைதானங்களை அமைக்கும் தொழிலுக்கு வந்தார். மறைப்பதை யுத்தத்தில் கற்றவர், ஆட்டத்தில் மறைக்காதே என்றார். 1920-ல் வெளிவந்த தம் புத்தகத்தில், கிரீனை நோக்கி அடிக்கும் அடிகளில் குருட்டுத்தனம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பதை ஒரு விதியாகவே வைத்தார். அதற்குக் காரணம் சொல்வது கஷ்டமில்லை. நன்றாக அடித்தவனுடைய பந்து மேட்டுக்கு அப்பால் மணலில் விழலாம். தப்பாக அடித்தவனுடைய பந்து எதன்மீதாவது பட்டு எகிறிக் கொடிக்குப் பக்கத்தில் நிற்கலாம். திறமைக்கும் பலனுக்கும் நடுவே ஒரு திரை விழுந்துவிடுகிறது. திரை விழுந்த இடத்தில் அதிர்ஷ்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எதிர்க்கட்சியும் லேசானது அல்ல. குருட்டடி என்பது முதல் தடவைதான் குருடு என்பார்கள் அவர்கள். ஒரு முறை மேடேறிப் பார்த்துவிட்டவனுக்கு அடுத்த முறை நினைவே கண். ஸ்காட்லாந்தில் பிரெஸ்ட்விக் என்று ஒரு பழைய மைதானம். 1860-ல் ஓபன் பந்தயம் முதன்முதலில் நடந்தது அங்கேதான். அங்கே ஒரு குழிக்கு ‘ஆல்ப்ஸ்’ என்றும் இன்னொன்றுக்கு ‘ஹிமாலயாஸ்’ என்றும் பெயர். நம் இமயமலையை ஒரு மணல்மேட்டுக்குள் அடக்கிவிட்டார்கள்! இரண்டிலும் கொடி மேட்டுக்கு அந்தண்டைதான். அயர்லாந்தில் லஹின்ச் என்ற இடத்தில் டாம் மாரிஸ் என்ற பழைய ஆசாமி 1894-ல் அமைத்த இரண்டு குருட்டுக் குழிகள் உண்டு. 1927-ல் அந்த மைதானத்தைத் திருத்தியமைக்க மக்கென்ஸியே வந்தார். மற்றவற்றையெல்லாம் மாற்றினவர் அந்த இரண்டையும் மட்டும் தொடவில்லை. இன்றைக்கும் அவை அப்படியே இருக்கின்றன.

ஆனால் அங்கே கவனிக்கவேண்டிய இரண்டு சின்ன விஷயங்கள் இருக்கின்றன. ஒரு மேட்டின்மேல் வெள்ளையடித்த கல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். கிரீனில் குழி இடம் மாறும்போதெல்லாம் கல்லையும் மாற்றி வைப்பார்கள். கல்லுக்கு நேராக அடித்தால் குழிக்கு நேர். மற்றொரு மேட்டின் உச்சியில் கொடியோடு ஒரு மனிதர் நிற்கிறார். முன்னால் போனவர்கள் விலகிவிட்டார்கள், இனி அடிக்கலாம் என்று அவர்தான் காட்டுவார். வேறு சில மைதானங்களில் மணி கட்டியிருப்பார்கள். ஆடி முடித்தவர்கள் பின்னால் வருகிறவர்களுக்காக அதை அடித்துவிட்டுப் போகவேண்டும். நம் தேசத்துப் பழைய கிளப்புகளில் ‘ஆகேவாலா’ என்று ஒரு ஆள் உண்டு. முன்னால் போய் நிற்கிறவன் என்று அர்த்தம். பையைத் தூக்கி வருகிறவருக்குக் ‘கேடி’ என்று பெயர், நம் போலீஸ் ஸ்டேஷன் கேடி அல்ல. இந்த ஆகேவாலா மேட்டின்மேல் நின்று பந்து விழுந்த இடத்தைப் பார்த்துச் சொல்லுவான்.

இங்கேதான் வழக்கின் முடிச்சு அவிழ்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. குருட்டடி நியாயமா என்ற கேள்வியைப் பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் வராது. மேட்டை இயற்கை வைத்ததா, மனிதன் வைத்தானா என்பதும் அவ்வளவு முக்கியமில்லை. மேட்டின்மேல் நிற்கிறவன் பார்த்ததைக் கீழே நிற்கிறவனுக்குச் சொல்கிறானா என்பதுதான் முக்கியம். கல்லும் கொடியும் மணியும் இருக்கிற இடத்தில் குருட்டடி ஒரு சோதனை. அவை இல்லாத இடத்தில் அது ஒரு சூது.

இதை எங்கள் ஊர் வயலில் வைத்துப் பார்க்கலாம். வேதாரண்யம் பக்கத்திலும் நாகப்பட்டினம் பக்கத்திலும் கடைமடை விவசாயி சம்பாவுக்குப் புழுதி விதைப்பு விதைக்கிறார். சேறு இல்லை, நாற்றங்கால் இல்லை. காய்ந்த மண்ணை உழுது, காய்ந்த விதையைத் தெளித்துவிட்டு, வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வரவேண்டிய தண்ணீர் மேட்டூரில் இருக்கிறது. அங்கே திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். கடைமடைக்கு வந்து சேர இன்னும் எத்தனையோ நாள். நடுவில் ஒரு தூற்றல் விழுந்து விதை முளைத்து, பிறகு தண்ணீரும் மழையும் இல்லாமற் போனால் முளை கருகும். மறு விதைப்புக்கு மறுபடியும் கடன். மேட்டுக்கு அப்பால் அடிப்பது என்றால் இதுதான். ஆட்டக்காரருக்குப் போவது ஒரு பந்து. இவருக்குப் போவது ஒரு வருஷம்.

நினைவே கண் என்ற வாதம் இவருக்கு ஒரு காலத்தில் உதவியது. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு, ஜூன் 12 என்றால் தண்ணீர் என்று ஒரு கணக்கு மனசில் படிந்துவிட்டது. தாத்தா பார்த்த மேட்டையே பேரனும் பார்த்தான். அப்புறம் மேடு இடம் மாறத் தொடங்கியது. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2020-ல் ஜூன் 12-லேயே திறந்தார்கள். 2022-ல் மே 24. 2024-ல் ஜூலை 28. இப்படி வருஷத்துக்கு வருஷம் நகரும் மேட்டுக்கு நினைவு எப்படிக் கண்ணாகும்? நினைவு பொய்க்கிற இடத்தில் கல்லும் கொடியும் இன்னும் அதிகம் தேவைப்படுகின்றன.

அவை அடியோடு இல்லையென்று சொல்லமாட்டேன். டீக்கடைப் பத்திரிகையில் ‘மேட்டூர் நீர்மட்டம்’ என்ற நாலு வரி இருக்கிறதே, அதுதான் எங்கள் வெள்ளைக் கல். நிறைந்தால் 120 அடி, 93.47 டி.எம்.சி. இன்றைக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கூடப் படித்துவிடுவார். எல்லையில் பிலிகுண்டுலுவில் அளவெடுக்கிறார்கள். 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் அதன் தீர்ப்பு, 2018-ல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பும் மேலாண்மை ஆணையமும் என்று இத்தனை வருஷம் நடந்த வழக்கெல்லாம், ஒரு விதத்தில், மேட்டின்மேல் ஒரு மணி கட்டுவதற்கு நடந்த வழக்குத்தான். தண்ணீர் பங்கு ஒன்று. எப்போது, எவ்வளவு வரும் என்ற சேதி இன்னொன்று. இரண்டாவது இல்லாமல் முதலாவது கிடைத்தால்கூடப் பாதிதான் பிரயோஜனம். ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் கடைமடைக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாரானால் அவர்தான் எங்கள் ஆகேவாலா.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கீதையை எடுப்பார். கடமையைச் செய், பலனை நினைக்காதே என்று பகவானே சொல்லியிருக்க, இலக்கு தெரியவில்லை என்று அழுவானேன் என்பார். அந்த உபதேசத்தின் பெருமையை நான் குறைக்கவில்லை. மேடேறும் அடியில் பந்து பெரும்பாலும் பாதியிலேயே விழுவதற்கு நிலத்தின் ஏற்றம் மட்டும் காரணமில்லை, அடிப்பவனுடைய மனசின் தயக்கமும் காரணம் என்று ஆடுகிறவர்கள் சொல்வார்கள். பலனை மறந்து முழுசாக அடித்தால்தான் மேட்டையாவது தாண்டும். புழுதியில் விதைக்கிறவரும் அரைமனசோடு விதைத்தால் பயிர் இல்லை. ஆகவே அடிக்கிறவன் தனக்குத்தானே அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் மேட்டைப் போட்டவன் அதைச் சொல்லக் கூடாது. மேட்டின்மேல் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பவனும் சொல்லக் கூடாது. தன் கண்ணுக்குப் பலன் தெரிந்துகொண்டிருக்கும்போது, தெரியாதவனைப் பார்த்துப் பலனை நினைக்காதே என்பது உபதேசம் ஆகாது. அது சோம்பேறித்தனம், சில சமயம் அதைவிட மோசம். பரீட்சைத்தாள் திருத்துகிறவர், வியாதியின் போக்கு தெரிந்த வைத்தியர், கம்பெனி மூடப்போவதை அறிந்த முதலாளி, பெண்ணின் வாழ்க்கையை நிச்சயம் செய்துவிட்டு அவளிடம் மட்டும் சொல்லாமல் இருக்கும் பெரியவர்கள், இவர்கள் எல்லோருமே ஒரு மேட்டின்மேல் நிற்கிறவர்கள். கீழே நிற்கிறவன் பொறுமையாக இருக்கிறானே என்று அவனை அவர்கள் மெச்சிக்கொள்வதுண்டு. அவனுக்கு வேண்டியது மெச்சல் அல்ல, சேதி.

எல்லா மேட்டையும் வெட்டிச் சமனாக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் சீமையைப் போல எல்லாம் தட்டையாகிவிட்டாலும் வாழ்க்கை நிச்சயமாகிவிடாது. இல்லாவிட்டால் இந்தத் தட்டை நிலத்தில் இத்தனை ஜோசியர்கள் எப்படிப் பிழைப்பார்கள்? பிள்ளையை வளர்ப்பதும், நாவல் எழுதுவதும், நெல் விதைப்பதும் என்றைக்கும் மேட்டுக்கு அப்பால் அடிக்கும் அடிதான். அந்த இருட்டு மனிதப் பிறவிக்கு வாய்த்தது. அதை யார்மேலும் சுமத்த முடியாது. ஆனால் கயிறு கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியும் மணியை அடிக்காமல் நடந்துபோகிறவன் இருக்கிறானே, அவன் உண்டாக்கும் இருட்டை மட்டும் விதி என்ற கணக்கில் எழுதிவிடக் கூடாது. அதற்கு அவன் பேரிலேயே பற்று எழுதவேண்டும்.