ஓரத்துக் கதிர் யாருக்கு?



ஊரிலே நம்மை "பெந்தெகொஸ்தேக்காரங்க" என்கிறார்கள். அது ஒரு யூதப் பண்டிகையின் பேர் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? ஐம்பதாவது என்பதே அந்தக் கிரேக்க வார்த்தையின் அர்த்தம்.

இதெல்லாம் தூரதேசத்துச் சங்கதி என்று தள்ளிவிடாதிருங்கள். 1949 முதல் 1956 வரை நம்ம குமரி மண்ணும் கொச்சியும் ஒரே மாநிலமாய் இருந்தன. அந்தக் கொச்சியின் மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டின யூத ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாய் அங்கே பஸ்காவும் கூடாரப் பண்டிகையும் ஆசரித்த ஜனங்களில் பெரும்பாலோர், 1948-ல் இஸ்ரவேல் தேசம் உருவான பின்பு அங்கே குடியேறிப் போனார்கள்.

லேவியராகமம் 23-ஐத் திறந்து பாருங்கள். அதில் ஏழு பண்டிகைகள். நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இது லேசாய்ப் புரியும். நமக்குக் கும்பப்பூ, கன்னிப்பூ என்று இரண்டு பூ உண்டல்லவா? அதுபோல யூதப் பண்டிகைகளும் வருஷத்தில் இரண்டு கட்டாய் வருகின்றன.

முதல் கட்டு பங்குனி, சித்திரை வாக்கில் தொடங்கும். பஸ்கா, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை. நமக்கோ சிலுவையில் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி. புளிப்பில்லா அப்பம் ஏழு நாள்; வீட்டு மூலையில்கூட புளித்தமா இருக்கக்கூடாது, அதுதான் பரிசுத்த ஜீவியம். முதற்பலனாக வாற்கோதுமைக் கதிர்க்கட்டு அசைவாட்டப்படும்; உயிர்த்தெழுந்த இயேசுவே நம் முதற்பலன் (1 கொரி. 15:20). அதிலிருந்து ஐம்பதாம் நாள், கோதுமை அறுப்பில், பெந்தெகொஸ்தே. சீனாயில் நியாயப்பிரமாணம் கிடைத்ததை யூதர் அன்றைக்கு நினைவுகூருகிறார்கள். எருசலேமில் ஆவியானவர் இறங்கினதும் அதே நாளில்தான். அல்லேலூயா!

இரண்டாம் கட்டு ஏழாம் மாதத்தில், நமக்குப் புரட்டாசி, ஐப்பசி வாக்கில். முதலாம் தேதி எக்காளம். பத்தாம் தேதி பாவநிவிர்த்தி நாள், முழு உபவாசம். பதினைந்தாம் தேதி முதல் கூடாரப் பண்டிகை. வனாந்தரத்தில் அலைந்த நாட்களை நினைத்துத் தழை வேய்ந்த குடிலில் தங்குவார்கள். எஸ்தர் காலத்துப் பூரீமும், யோவான் 10:22-ல் வருகிற தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகையும் பின்னால் வந்து சேர்ந்தவை.

முதல் நான்கும் நிறைவேறி முடிந்தன, எக்காளம் தொனிக்க இனி காத்திருக்கிறோம் என்று பிரசங்கிக்கிறோம். சரிதான். ஆனால் காத்திருக்கிற இந்த இடைவெளியில் என்ன செய்யணும்?

கவனியுங்கள்! பெந்தெகொஸ்தேயைச் சொல்லி முடித்து, எக்காளத்தைத் தொடங்குமுன் கர்த்தர் ஒரே ஒரு வசனத்தை வைத்தார் (லேவி. 23:22). பண்டிகையைப் பற்றியே அதில் பேச்சில்லை. வயலின் ஓரத்தை வழித்து அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் அந்நியனுக்கும் உரியது என்கிறார். இரண்டு கட்டுக்கும் நடுவே இருக்கிற கட்டளை இதுதான்!

பெந்தெகொஸ்தே நாளில் யூதர் ரூத்தின் புஸ்தகத்தை வாசிக்கிறார்கள். ரூத் மோவாபிய விதவை, அந்நிய தேசத்தாள். போவாஸ் ஓரம் வழித்து அறுத்திருந்தால் அவள் எங்கே போயிருப்பாள்? அவளுடைய வம்சத்தில் தாவீது வந்தான். தாவீதின் வம்சத்தில் நம் இரட்சகர் வந்தார்.

சகோதரனே, சகோதரியே, உன் வயலின் ஓரம் எது? பிழைப்புக்காக வடமாநிலத்திலிருந்து வந்து நம்ம ஊர்க் கட்டட வேலையில் நிற்கிற பிள்ளைக்குப் பேசின கூலியை அன்றைக்கே கொடுத்தாயா? பாஷை தெரியாதவன்தானே என்று ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டாயா? உன் பக்கத்தில் முழங்காலில் நிற்கிற விதவையின் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்டாயா? அந்நிய பாஷையில் பேசுகிற நாம், அந்நியனிடத்தில் ஒரு வார்த்தை அன்பாய்ப் பேசக்கூடாதா?

எக்காளம் எப்போது தொனிக்கும் என்று நமக்குத் தெரியாது. அதுவரைக்கும் ஓரத்துக் கதிரை விட்டுவைப்போம். கர்த்தர் தாமே கிருபை செய்வாராக. ஆமென்.