400 கிலோமீற்றர் தொலைவில் ஓர் இலவசம்

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. சத்திரசிகிச்சை, மருந்தேற்றல், கதிர்ச்சிகிச்சை எதற்கும் நோயாளி காசு எண்ணி வைக்க வேண்டியதில்லை. வசதி குறைந்த நாடொன்று தன் மக்களுக்குச் செய்த பெரிய காரியம் இது. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு அருகே இருக்கும் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அந்தத் தூரத்தின் செலவை நோயாளியின் வீடுதான் சுமக்கிறது.

கதிர்ச்சிகிச்சையில் ஒரு தடவை படுத்து எழும்பச் சில நிமிடங்களே போதும். ஆனால் வாய்ப் புற்றுநோய் என்றால், வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம் தொடர்ந்து போகவேண்டி வரும். வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் அதுவும் ஒன்று. மகரகமவுக்கு அனுப்பப்படும் யாழ்ப்பாணத்தவர் தினமும் போய் வர முடியாது. அங்கேயே தங்க வேண்டும். கூட ஒருவர் நிற்க வேண்டும். தோட்டம் செய்பவரோ கடலுக்குப் போகிறவரோ படுத்துவிட்டால் வீட்டு வருமானம் நிற்கிறது. துணைக்குப் போனவரின் கூலியும் சேர்ந்து நிற்கிறது. கையில் காசு முடிந்து பாதியில் ஊர் திரும்பினால், விட்ட நாட்களில் கட்டி மறுபடி வளரும். தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு தாய், சிங்களம் பேசும் வார்டில் தன் வலியை விளக்க முடியாமல் திணறுவதும் இந்தத் தூரத்தோடு சேர்ந்ததுதான்.

போர்க்காலத்தில் அந்த வழியும் அடைபட்டது. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி மூடப்பட்ட பிறகு, குடாநாட்டிலிருந்து வெளியேற அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பிறகு கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்திருக்க வேண்டியிருந்தது. நோய் அதுவரை காத்திருக்கவில்லை.

அதனால்தான் 2011-இல் நடந்த ஒரு நடைபயணம் நினைவில் வைத்திருக்க வேண்டியதாகிறது. தெற்கு முனையான தெவுந்தரவிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, சுமார் 670 கிலோமீற்றரை, 27 நாட்களில் நடந்து கடந்தார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுப்பப் பணம் திரட்டுவதே நோக்கம். நாதன் சிவகணநாதனும் சரிந்த உணம்புவேயும் முன்னின்றார்கள். கிரிக்கெட் வீரர்கள் சங்கக்காரவும் மஹேல ஜயவர்தனவும் துணை நின்றார்கள். மஹேலவின் தம்பி பதின்ம வயதிலேயே மூளைக் கட்டியால் இறந்தவர். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆன வேளையில், தென்னிலங்கை மக்களும் வடக்கின் நோயாளிக்காகக் காசு போட்டார்கள். தெல்லிப்பழையில் வைத்தியசாலை எழுந்தது. 2016-இல் தெற்கு நோக்கி நடந்து, காலி கராப்பிட்டிய புற்றுநோய் வைத்தியசாலைக்காகப் பணம் சேர்த்தார்கள்.

எல்லாச் சிகிச்சையையும் ஊருக்கு ஊர் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. எலும்பு மச்சை மாற்று, அரிதான கட்டிகளுக்கான சத்திரசிகிச்சை போன்றவை அடிக்கடி செய்து பழகிய கைகளில் நடப்பதே நோயாளிக்கு நல்லது. கட்டடம் மட்டும் போதாது என்பதையும் 2022-இன் பொருளாதார நெருக்கடி காட்டியது: மருந்துத் தட்டுப்பாடு வந்தது, வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். நிபுணரும் தாதியரும் இயந்திரம் திருத்துபவரும் இல்லாத வைத்தியசாலை நோயாளியைத் திரும்பவும் பஸ் ஏற்றிவிடும்.

ஆனால் அருகில் இருந்தே ஆக வேண்டியவையும் உண்டு. மருந்தேற்றிய பின் வெள்ளணுக்கள் குறைந்த உடலில் காய்ச்சல் வந்தால், அது அவசர நிலை. ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் தெல்லிப்பழைகூட முல்லைத்தீவு நோயாளிக்கு எட்டாது. இடையே நூறு கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. ஆகவே முல்லைத்தீவு, மன்னார், வவுனியா வைத்தியசாலைகளின் அவசரப் பிரிவுகளுக்கு இந்தக் காய்ச்சலைக் கையாளும் பயிற்சி வேண்டும். இரத்தப் பரிசோதனையும், வலி தணிக்கும் மலிவான மோர்பின் மாத்திரையும் அங்கேயே கிடைக்க வேண்டும். சிகிச்சை முடியும்வரை தெல்லிப்பழையில் தங்க ஓரிடமும், போக்குவரத்துக்கு ஒரு கொடுப்பனவும் வேண்டும். நடந்து சேர்த்த பணத்தில் கட்டடம் எழுப்பலாம். ஆண்டுதோறும் வரும் இந்தச் செலவுகளை அரசுதான் தன் வரவுசெலவுத் திட்டத்தில் ஏற்க வேண்டும்.